மின்னல் இடைவேளை

முப்பத்தோராம் நிமிடத்தில் மின்னல் எச்சரிக்கை.
சைரன் ஊத, எல்லோரும் கூரைக்கு ஓடினோம்.
பலகையில் பூஜ்யம் – இரண்டு.
வழக்கம்போல் பூஜ்யம் எங்களுடையது.

ஒன்பது ஆட்டம். ஒரு வெற்றி இல்லை.
உலு பாண்டான் நீர்நாய்கள் என்று பெயர் வைத்தபோது
ஆற்றில் திரியும் அந்தக் குடும்பம்போல
கூடியே வேட்டையாடுவோம் என்றார்கள்.
இப்போது எதிர் புளோக்கின் பதினோராம் மாடியில்
துணி எடுக்க வரும் சீனப் பெண்மணி ஒருவர்தான்
தவறாமல் பார்க்கிறார்,
அதுவும் டிக்கெட் இல்லாமல்.

நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார் தலைவர் தியோ.
ஜெர்சி துவைக்கும் அறையில் கூடியது செயற்குழு.
ஏழு பேர், நான்கு நாற்காலி,
சுழன்றுகொண்டிருக்கும் சலவை இயந்திரம்.
கோச் ஜுரைமி இருப்பதா, போவதா?

“பதினொரு பேரை மாற்ற முடியாது. ஒருவரை மாற்றலாம்.”
சொன்னவர் ஏர்கான் விற்பவர்,
ஜெர்சியின் நெஞ்சில் அவர் பெயர்தான்.
“போன வருஷம் மாற்றினோம். அதற்கு முந்தின வருஷமும்.
இந்தக் கிளப்பில் தோல்வி மட்டும்தான் நிரந்தர ஊழியர்”
என்றார் வைத்தியலிங்கம், கண்ணாடியைத் துடைத்தபடி.

கைகள் எழுந்தன. போகட்டும், மூன்று.
இருக்கட்டும், மூன்று.
பிறகு அறையே என் பக்கம் திரும்பியது.
பொருளாளர் நான்.
தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

நடைபாதையில் அவர் குந்தியிருந்தார்.
பாட்டில் மூடிகளைத் தரையில் பரப்பி,
இவன் இங்கே விலக, இவன் அங்கே நிரப்ப.
இடது பின்வரிசைக்கு மூடி போதவில்லை.
கைக்கடிகாரத்தைக் கழற்றி அங்கே வைத்தார்.
மைதானத்துக் கடிகாரம் நின்றிருந்த நேரத்தில்
அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலியிடம் என் கையெழுத்து.
ஜனவரியில் ஒரு பையனைக் கேட்டார், இடதுகாலன்,
கூச்சிங்கிலிருந்து வரத் தயாராயிருந்தான்.
கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் எழுதினேன்:
இப்போதைக்கு வேண்டாம்.

எல்லாம் என் பிழை என்று எழுதிவிட்டால்
கணக்கு சுலபமாக முடிந்துவிடும்.
ஆனால் முழங்காலில் பட்டை சுற்றிய தௌஃபிக்கை
முப்பத்தாறு வயதில் தொண்ணூறு நிமிடம் ஓடவிட்டது யார்?
ரிசர்விஸ்ட் முடித்து வந்த துவாரகேஷை
மூன்று வாரம் பெஞ்சில் காயவைத்தது யார்?

இருக்கட்டும் என்றே சொல்ல நினைத்தேன்.
அப்புறம்தான் பையன்களின் கண்களைப் பார்த்தேன்.
ஒருவன் கைபேசியில். ஒருவன் மழையில்.
ஒருவன் காலுறையைத் தட்டி
கறுப்பு ரப்பர்த் துகள்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டு.
அவர் சொன்னது அத்தனையும் சரி.
ஆஃப்சைடு இன்னும் பிடிபடாத எனக்கே விளங்கியது.
மாற்று கோல்காவலன் மட்டும் தலையாட்டினான்,
இன்றைக்கு எப்படியும் ஆடப்போகாதவன்.

உள்ளே போய்க் கையை உயர்த்தினேன்.
போகட்டும்.
“குறிப்பில் இதையும் எழுதுங்கள்:
யார் வந்தாலும் ஓர் இடது பின்வரிசை வேண்டும்.”
தியோ பேனாவை மூடியிருந்தார்.

மறுபடி சைரன். ஆட்டம் தொடர்ந்தது.
திங்கள்வரை தெரியப்போவதில்லை அவருக்கு;
நனைந்த சட்டையோடு கோட்டருகே நின்று
மலாயில் கத்திக்கொண்டே இருந்தார், ஏறு, ஏறு.
அறுபத்தெட்டில் துவாரகேஷை இறக்கினார்.
எழுபத்தொன்றில் பந்து வலையில்.
அவரிடம் ஓடிவர ஒருவனும் இல்லை.
அவரும் கைதட்டவில்லை.
இடப்பக்கம் விரல் நீட்டினார்: திரும்பி வா, திறந்து கிடக்கிறது.

ஒன்று – இரண்டு. பத்தாவது ஆட்டம்.

கிளமெண்டி ரயிலில் உட்கார்ந்து
தண்ணீர் வாங்கிய ரசீதின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்:
விலக்கினால் தரவேண்டிய மூன்று மாதச் சம்பளம்.
ஜனவரிப் பையனுக்குக் கேட்ட தொகை.
வித்தியாசம்
நாற்பது வெள்ளி.